கணினியில் புகும் புழு

திருவனந்தபுரம் தலைநகராக விளங்கிய பழைய திருவிதாங்கூர் நாட்டில், 1920-களின் பிற்பகுதியில், கொக்கிப் புழுவை ஒழிக்கும் பணி ஒன்று நடைபெற்றது. அமெரிக்க நாட்டு ராக்பெல்லர் அறநிறுவனம் அதற்குத் துணை நின்றது. அதற்கு முன்பே, 1916-ஆம் ஆண்டில், இலங்கைத் தோட்டங்களில் உழைத்த நம் தமிழ் மக்களிடையே அத்தகைய பணி தொடங்கப்பெற்றிருந்தது. ஈர மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்துக்கொண்டு உட்புகும் அப்புழு, குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சும். மருந்து கொடுத்தால் புழு வெளியேறிவிடும். ஆயினும், மருந்துண்டவர் மறுநாளே அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்தால், புழு மீண்டும் புகுந்துவிடும். ஆதலின், மருந்தோடு கழிப்பிடமும் காலணியும் வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்தினார்கள். இவை மூன்றும் சேர்ந்தபோதுதான் பயன் விளைந்தது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறொரு புழு. அது மண்ணில் நெளிவதில்லை, உயிருள்ளதும் அன்று. மனிதர் எழுதிய கட்டளைகளின் கோவையே அது. ஆனால் அதன் போக்கு கொக்கிப் புழுவின் போக்கை வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கிறது. அதுவும் காப்பற்ற இடம் பார்த்துத் துளைத்துப் புகும். உள்ளே தங்கிப் பெருகும். மருந்திட்டு நீக்கிய பிறகும், புகுந்த வழியை அடைக்காவிடில் திரும்ப வரும். கணினிப் புழு என்பது யாது, அஃது எவ்வாறு புகுகிறது, எவ்வாறு அதனை நீக்குவது என்பவற்றை ஒழுங்காகக் காண்போம்.

இது நமக்கு எதற்கு, கணினி வல்லுநர்களின் கவலையன்றோ என்று சிலர் எண்ணலாம். தமிழகத்தை விட்டு வெளியே வாழும் நம்மைப் போன்றோருக்கு இது சற்று அதிகமாகவே உரிய செய்தி. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் தமிழர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றும், சாதிச் சான்றும், ஊரிலுள்ள நிலத்தின் பட்டா நகலும், மறைந்த பெற்றோரின் புகைப்படங்களும் இன்று ஒரு கணினியிலோ, விரல் நீளமுள்ள பென் டிரைவிலோதான் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று தொலைந்தால், மீண்டும் பெற ஊருக்குப் புகைவண்டி ஏற வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருக்க வேண்டும். அந்நாள்களின் கூலியை இழக்க வேண்டும். புகைப்படம் தொலைந்தாலோ, எந்த அலுவலகத்தாலும் அதைத் திருப்பித் தர இயலாது.

கணினிக்குக் கேடு செய்யும் நிரல்கள் பல வகைப்படும். அவற்றுள் வைரஸ் என்பதையும் புழு என்பதையும் மக்கள் ஒன்றாகவே கருதுகிறார்கள். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. மாமரத்தில் படரும் புல்லுருவிக்குத் தனி வாழ்வில்லை; மரத்தைப் பற்றிக்கொண்டுதான் அது வாழ வேண்டும். வைரஸ் அத்தகையது. வேறொரு நிரலிலோ கோப்பிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். அக்கோப்பை நாம் திறந்தால்தான் செயற்படும். புழுவோ தனித்து இயங்கும் முழு நிரல். அது தன்னைத் தானே படியெடுத்து, ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குத் தானே செல்லவல்லது. சில புழுக்களுக்கு நாம் ஒரு பொத்தானை அழுத்தவும் வேண்டுவதில்லை. கணினி இயங்கிக்கொண்டிருந்து, வலையமைப்போடு இணைந்திருந்தாலே போதும்.

இப்பெயர் ஒரு கதையிலிருந்து வந்தது. ஜான் பிரன்னர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1975-இல் வெளியிட்ட நாவலொன்றில், வலையமைப்பு முழுவதும் ஊர்ந்து செல்லும் நிரல் ஒன்றைப் புழு எனக் குறித்தார். அதன்பின் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், வேலையின்றி நிற்கும் கணினிகளைத் தேடிச் சென்று அவற்றைப் பயனுள்ள வேலையில் ஈடுபடுத்தும் நிரல்களை எழுதிப் பார்த்தார்கள். ஓர் இரவு அவற்றுள் ஒன்று பழுதுற்றது. காலையில் வந்து பார்த்தபோது, பல கணினிகள் செயலற்றுக் கிடந்தன. நன்மை கருதிச் செய்த புழுவே அடங்காது போயிற்று என்றால், தீமை கருதிச் செய்வது என்ன செய்யும் என்பதை அன்றே உணர்ந்திருக்கலாம்.

1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் உலகம் அதனை நன்கு உணர்ந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் என்பவர் விடுத்த புழு, அன்றைய இணையத்தில் பரவியது. அக்காலத்தில் இணையத்தில் இருந்தவை ஏறத்தாழ 60,000 கணினிகள். அவற்றுள் 6,000 அளவில் பாதிக்கப்பட்டன என்று அன்று மதிப்பிட்டார்கள். அது கோப்புகளை அழிக்கவில்லை. ஆனால் ஒரே கணினியில் திரும்பத் திரும்பப் புகுந்து, கணினியின் வலிமை முழுவதையும் உண்டுவிட்டது. மோரிசுக்கு 1990-இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகத் தொண்டும், அபராதமும் விதிக்கப்பட்டன.

இனி, புழு உட்புகும் முறையைக் காண்போம். கணினியொன்றைப் பல கதவுகள் உடைய பெரிய அலுவலகமாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண் உண்டு. மின்னஞ்சலுக்கு ஒரு கதவு. இணையப் பக்கங்களுக்கு ஒரு கதவு. அலுவலகத்தில் ஒருவர் கோப்பை மற்றவர் தம் கணினியிலிருந்தே எடுத்துப் படிப்பதற்கு ஒரு கதவு. விண்டோஸ் கணினிகளில் இக்கடைசிக் கதவின் எண் 445. கதவுக்குப் பின்னே ஒரு நிரல், வாயிற்காவலன் போல் அமர்ந்து, வருவோரை விசாரித்துக்கொண்டிருக்கும். புழு முதலில் செய்வது, எண்ணற்ற கணினிகளின் கதவுகளை வரிசையாகத் தட்டிப் பார்ப்பது. எந்தக் கதவில் காவலன் ஏமாறக்கூடியவனோ, அங்கே அது நிற்கும்.

காவலன் ஏமாறுவது எவ்வாறு? அரசு அலுவலகங்களில் படிவங்களை மொழிபெயர்த்தே காலம் கழித்த நமக்கு, ஒரு படிவத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்லத் தோன்றுகிறது. படிவத்தில் பெயருக்கென்று இருபது கட்டங்கள் இருக்கின்றன. ஒருவர் இருபதோடு நில்லாமல் அறுபது எழுத்துகளை எழுதிவிடுகிறார். எழுத்துகள் வழிந்து, பக்கத்தில் 'அலுவலரின் ஆணை' என்று இருக்கும் கட்டத்திலும் பதிந்துவிடுகின்றன. படித்துப் பாராத எழுத்தர், அவ்வெழுத்துகளை மேலதிகாரியின் ஆணையென்றே கொண்டு நிறைவேற்றிவிடுகிறார். கணினியிலும் இதுவே நிகழ்கிறது. நிரல் எழுதியவர் அளவு பார்க்க மறந்த இடத்தில், புழு அளவுக்கு மீறிய செய்தியை அனுப்புகிறது. மிகுந்த பகுதி கணினியின் நினைவகத்தில் கட்டளை இருக்கும் இடத்தில் போய் விழுகிறது. கணினி அதனைத் தன் கட்டளையாகவே நிறைவேற்றுகிறது. இத்தகைய பிழைகளைக் கண்டறிந்தவுடன் நிறுவனத்தார் திருத்தங்களை வெளியிடுகிறார்கள். அத்திருத்தத்தை இட்டவர் கணினியில் அக்கதவு அடைபட்டுவிடும். இடாதவர் கணினியில் திறந்தே இருக்கும்.

இதன் விரைவுக்கு ஒரு சான்று கூறுவோம். 2003 ஜனவரி 25-இல் தோன்றிய ஸ்லாமர் என்ற புழு 376 பைட்டு அளவே உடையது. அஃதாவது, அஞ்சலட்டை ஒன்றில் எழுதக்கூடிய எழுத்துகளின் அளவே. தொடக்கத்தில் எட்டரை நொடிக்கு ஒருமுறை அது இரு மடங்காயிற்று. தாக்கப்படக் கூடியனவாய் இருந்த கணினிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு, பத்தே நிமிடத்தில் அதன் கைப்பட்டன. அப்பிழைக்குத் திருத்தம் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. இப்புழு வட்டில் பதிவதில்லை, நினைவகத்திலேயே வாழும். கணினியை அணைத்து மீண்டும் இயக்கினால் மறைந்துவிடும். ஆனால் திருத்தம் இடாமல் வலையில் இணைத்தால் உடனே திரும்ப வந்துவிடும். வெறுங்காலும் ஈர மண்ணும் என்று நாம் முன்னர்ச் சொன்னது இங்கு எவ்வளவு பொருந்துகிறது, பாருங்கள்.

உட்புகுந்த புழு அடுத்துச் செய்வது, இருப்பிடம் அமைத்துக்கொள்வது. கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தானும் எழுந்திருக்கும்படி, தொடக்கப் பட்டியலிலோ, குறித்த நேரத்தில் நடக்கும் வேலைகளின் பட்டியலிலோ தன் பெயரை எழுதிவிடும். அப்பெயரும் கணினிக்கு உரிய நல்ல நிரலின் பெயரை ஒத்திருக்கும். பிறகு அது அடுத்த கணினியைத் தேடத் தொடங்கும்.

2008 நவம்பரில் வெளிப்பட்ட கான்ஃபிக்கர் என்ற புழு, ஒரு வழியை நம்பாமல் மூன்று வழிகளைக் கையாளத் தொடங்கியது. திருத்தப்படாத பிழை ஒன்று. எளிய கடவுச்சொற்களை ஊகித்தல் இரண்டு. பென் டிரைவ் மூன்று. புகுந்ததும் கணினியின் திருத்தம் பெறும் வழியை அது நிறுத்திவைக்கும். பாதுகாப்பு நிறுவனங்களின் இணையத்தளங்களைத் திறக்கவிடாது. திருடன் வீட்டிற்குள் வந்து முதலில் தொலைபேசிக் கம்பியை அறுப்பது போன்றது இது. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்பதும் பென் டிரைவ் வழியே பரவிய புழுதான். ஈரானின் அணுப் பணிமனையைக் குறிவைத்து எழுதப்பட்டதெனினும், அது பரவிய நாடுகளின் வரிசையில் ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்து இந்தியா நின்றது. நம் நாட்டில் பென் டிரைவ் எவ்வளவு கைமாறுகிறது என்பதற்கு இதுவே சான்று.

பென் டிரைவ் புழுவைப் பற்றி எமக்கு நேர்ந்த அனுபவம் ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், எம் வீட்டுக்கு அருகே, சாலைக் கடைவீதியில் மளிகை வாணிகம் செய்யும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் குடியிருந்தார். அவருடைய மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சான்றிதழ்களை அச்சிட்டு மறுநாள் கொடுக்க வேண்டும். நகலெடுக்கும் கடையொன்றில் பென் டிரைவைக் கொடுத்து வாங்கி வந்தபின், வீட்டில் திறந்து பார்த்தால், கோப்புறைகள் இருந்த இடத்தில் சிறு அம்புக்குறியிட்ட குறும்படங்கள் மட்டுமே இருந்தன. "ஐயா, பிள்ளையின் சான்றிதழ்கள் அழிந்துவிட்டனவாம். பென் டிரைவை முழுதும் துடைத்துவிட வேண்டும் என்கிறார் கடைக்காரர். இவள் அம்மாவின் படங்களும் அதில்தான் இருக்கின்றன" என்று அவர் இரவில் எம் வாயிலில் வந்து நின்றார். அப்பெண்ணின் தாயார் அதற்கு முந்தைய ஆண்டு காலமாகியிருந்தார்.

நாம் முதலில் பார்த்தது, பென் டிரைவில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்பதை. இடம் காலியாகவில்லை; முன்போலவே நிரம்பியிருந்தது. அழிந்த கோப்பு இடத்தை அடைத்துக்கொண்டிராது அன்றோ? ஆகவே கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன என்று உணர்ந்தோம். இவ்வகைப் புழுவின் தந்திரமே அதுதான். உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் பொய்க் குறுக்குவழிகளை வைக்கும். நாம் அதை அழுத்தினால், நம் கோப்புறையும் திறக்கும், புழுவும் இயங்கும். கோப்புறை திறந்துவிடுவதால் நமக்கு ஐயமே எழாது.

எதிர்வீட்டுப் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் லினக்ஸ் இயங்கும் மடிக்கணினி இருந்தது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளே பயில்விக்கப்படுகிறது; அதனை நடத்தும் கைட் நிறுவனத்தின் தலைமையகமும் திருவனந்தபுரத்திலேதான் உள்ளது. விண்டோசுக்கென எழுதப்பட்ட அப்புழு லினக்சில் இயங்காது. விண்டோசில் இட்ட மறைப்பும் அங்குச் செல்லாது. பென் டிரைவைச் செருகியவுடன் எல்லாக் கோப்புறைகளும் கண்முன் தோன்றின. சான்றிதழ்களையும் படங்களையும் படியெடுத்துக்கொண்டோம். நிரல்களையும் குறுக்குவழிகளையும் தொடவில்லை. அதன்பின்னரே பென் டிரைவைத் துடைத்தோம். முதலிலேயே துடைத்திருந்தால், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல் ஆகியிருக்கும். அன்றிரவே அண்ணாச்சியின் வீட்டுக் கணினியையும் கடைக் கணினியையும் தூய்மை செய்தோம். மறுநாள் நகற்கடைக்காரரிடமும் எடுத்துச் சொன்னோம். அவர் வருந்தி, தம் கணினிகளையும் சீர்செய்தார். அவரும் அறியாமலே அன்றாடம் எத்தனை பேருக்கு அப்புழுவைக் கொடுத்தனுப்பினாரோ!

எல்லாப் புழுவும் இவ்வாறு மறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. 2017 மே 12-ஆம் நாள் உலகெங்கும் பரவிய வானாகிரை என்ற புழு, தாக்கிய கணினியிலுள்ள கோப்புகளையெல்லாம் மறையெழுத்தாக மாற்றி, திறவுகோலுக்கு 300 டாலர் பிணைத்தொகை கேட்டது. மூன்று நாளில் கொடுக்காவிடில் 600 டாலர். ஏழு நாளில் கொடுக்காவிடில் கோப்புகளை மீட்கவே இயலாது என்று அச்சுறுத்தியது. அது நுழைந்த வாயில், நாம் மேலே கூறிய 445-ஆம் கதவு. சில நாள்களுக்குள் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது.

அவ்வலை கேரளத்தையும் வந்தடைந்தது. மே 12 வெள்ளிக்கிழமை. விடுமுறை கழிந்து, 15-ஆம் நாள் திங்கட்கிழமை அலுவலகங்கள் திறந்தபோது, வயநாடு மாவட்டத்துத் தரியோடு ஊராட்சி அலுவலகத்திலும், பத்தனம்திட்டை மாவட்டத்து அருவாப்புலம் ஊராட்சி அலுவலகத்திலும் கணினிகளின் திரையில் பிணைத்தொகை கேட்கும் அறிவிப்புத் தோன்றியது. மறுநாள் பாலக்காட்டிலுள்ள தென்னக இரயில்வே கோட்ட அலுவலகத்துக் கணினிகள் சிலவும் தாக்குண்டதாகத் தெரியவந்தது. எங்கோ கடல் கடந்த நாட்டில் எவரோ எழுதிய நிரல், மலைநாட்டு ஊராட்சியின் மேசைவரை மூன்றே நாளில் வந்து சேர்ந்துவிட்டது.

இதில் நாம் ஆழ்ந்து கருத வேண்டியது ஒன்றுண்டு. அப்பிழைக்குரிய திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. புழு வந்தது மே 12-இல். இடையில் ஏறத்தாழ இரண்டு மாதம் இருந்தது. அத்திருத்தத்தை இட்டிருந்த கணினியில் அக்கதவு வழியே புழு புக இயலவில்லை. இடாதவர் பலர்; ஆதரவு நின்றுபோன பழைய விண்டோசை வைத்திருந்தோர் இன்னும் பலர். அதன் பரவல் தணிந்ததும் ஒரு விந்தையே. அப்புழு தாக்குமுன் ஓர் இணைய முகவரியை அழைத்துப் பார்க்கும்; விடை வந்தால் வேலையை நிறுத்திவிடும். அம்முகவரி எவர் பெயரிலும் பதிவாகவில்லை என்பதைக் கண்ட மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டானிய இளைஞர், சிறு தொகை செலுத்தித் தம் பெயரில் பதிந்தார். விடை கிடைக்கத் தொடங்கியதும் புழு பல இடங்களில் அடங்கியது.

திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்திலும் 2024 ஏப்ரல் இறுதியில் கணினித் தாக்குதல் நிகழ்ந்து, கதிர்வீச்சுச் சிகிச்சை தடைப்பட்டது. கன்னியாகுமரியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் நம்மவர் பலர் நாடி வரும் மருத்துவமனை அது. அதனைப் புழுவின் வேலையென்று நாம் கூறவில்லை. ஆயினும் கணினி நின்றால் நோயாளியின் சிகிச்சையும் நிற்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம் என்பதை அஃது உணர்த்துகிறது.

புழு புகுந்ததற்கு அறிகுறிகள் யாவை? ஒரு வேலையும் செய்யாதபோது கணினி மூச்சுவாங்குவது போல் விசிறி சுழலும். இணைய அளவு காரணமின்றிக் கரையும். கோப்புறைகள் குறுக்குவழிகளாக மாறும். பாதுகாப்பு நிரல் தானே அணைந்துகிடக்கும். திருத்தங்கள் பெற முயன்றால் தோல்வியுறும். நாம் அனுப்பாத செய்திகள் நம் பெயரில் நண்பருக்குச் செல்லும். இவற்றுள் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணமும் இருக்கலாம். இரண்டு மூன்று ஒருங்கே தோன்றினால் ஐயுறுதல் வேண்டும்.

இனி நீக்கும் முறை. முதலாவது, கணினியை வலையிலிருந்து பிரித்தல். கம்பியைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள், பென் டிரைவ்களை எடுத்துவிடுங்கள். புழு மேலும் பரவுவதை இது தடுக்கும். அக்கணினியில் வங்கிக் கணக்கைத் திறவாதீர்கள். கடவுச்சொல் எதனையும் தட்டாதீர்கள்.

இரண்டாவது, புழு உறங்கும்போது அதனைத் தேடுதல். விண்டோஸ் இயங்கும்போது புழுவும் விழித்திருக்கும்; தன்னை மறைத்துக்கொள்ளும். ஆகவே விண்டோஸ் எழுமுன் தேடுவது நல்லது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு நிரல் உடனிருக்கிறது. 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்பதைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில், 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தால், கணினி அணைந்து எழுந்து, விண்டோஸ் தொடங்குமுன்னரே ஏறத்தாழக் கால் மணி நேரம் சோதிக்கும். தொடங்குமுன் திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். அது முடிந்தபின் முழுச் சோதனை ஒன்றையும் நடத்துங்கள். நடுவணரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' என்ற இணையத்தளத்திலும், இத்தகைய கிருமிகளை நீக்கும் கருவிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றை நோயற்ற வேறொரு கணினியில் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

மூன்றாவது, ஒட்டிய எச்சங்களைப் பார்த்தல். கணினி தொடங்கும்போது எழும் நிரல்களின் பட்டியலையும், குறித்த நேர வேலைகளின் பட்டியலையும் பாருங்கள். அறியாத பெயர் இருந்தால், உடனே அழியாமல், அறிந்தவரைக் கேட்டு நீக்குங்கள்.

நான்காவது, வாயிலை அடைத்தல். இதனைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நிலுவையிலுள்ள திருத்தங்கள் அனைத்தையும் இடுங்கள். திருத்தம் பெற வலையில் இணைய வேண்டுமே என்று கேட்கலாம். தீச்சுவர் எனப்படும் ஃபயர்வால் காவல் இயங்குகிறதா என்று உறுதிசெய்துகொண்டு, வீட்டிலுள்ள மற்றக் கணினிகளை அணைத்துவிட்டு இணையுங்கள். அல்லது நல்ல கணினியில் திருத்தத்தைப் பெற்றுக் கொணருங்கள்.

ஐந்தாவது, எல்லாவற்றையும் ஒருசேரத் தூய்மை செய்தல். வீட்டில் ஒரு குழந்தைக்குச் சிரங்கு கண்டால், வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும் என்பார் மருத்துவர். ஒருவரை விட்டுவிட்டால் அவரிடமிருந்து மீண்டும் தொற்றும். அவ்வாறே வீட்டிலுள்ள கணினிகள், பென் டிரைவ்கள் யாவற்றையும் ஒரே சமயத்தில் சோதிக்க வேண்டும். அதன்பின், நோயற்ற கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள்.

இத்தனை செய்தும் ஐயம் நீங்காவிடில், ஆவணங்களை மட்டும் படியெடுத்துக்கொண்டு, வட்டைத் துடைத்து, விண்டோசைப் புதிதாக நிறுவுவதே உறுதியான வழி.

பிணைத்தொகை கேட்கும் புழுவாயின், பணம் கொடாதீர்கள். கொடுத்தாலும் திறவுகோல் வரும் என்பதற்கு உறுதியில்லை. கணினியை வலையிலிருந்து பிரித்துவிட்டு, அணைக்காமல் வல்லுநரிடம் காட்டுங்கள். வானாகிரை தாக்கிய பழைய விண்டோஸ் கணினிகள் சிலவற்றில், அணைக்காமல் வைத்திருந்தபடியால், நினைவகத்தில் எஞ்சியிருந்த எண்களைக் கொண்டே திறவுகோலை மீட்கும் கருவியைப் பிரெஞ்சு ஆய்வாளர் ஒருவர் 2017-இல் அமைத்துத் தந்தார். ஐரோப்பியக் காவல்துறையினர் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' என்ற தளத்தில், சிலவகைப் பூட்டுகளுக்குரிய திறவுகோல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற தொலைபேசி எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். எந்த மாநிலத்தில் இருந்தாலும் இவ்வெண் ஒன்றே.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். புழுவை நீக்குவது வேறு; புழு பூட்டிய கோப்பை மீட்பது வேறு. முன்னது பெரும்பாலும் இயலும். பின்னது பல வேளைகளில் இயலாது. அதற்குரிய ஒரே உறுதியான காப்பு, முன்னரே எடுத்துவைத்த படி. அருமையான கோப்பு எதுவாயினும் மூன்று படிகள் இருக்கட்டும்: ஒன்று கணினியில், ஒன்று தனி வட்டில், ஒன்று வேறோர் இடத்தில். தனி வட்டைப் படியெடுக்கும் பொழுது மட்டும் செருகி, பின் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே இருக்கும் வட்டைப் புழுவும் பூட்டிவிடும். அரசுச் சான்றுகள் பலவற்றை 2015 முதல் இயங்கும் டிஜிலாக்கரிலும் பெறலாம். ஊரிலுள்ள தம்பிக்கோ தமக்கைக்கோ புகைப்படங்களின் படி ஒன்றைக் கொடுத்துவைப்பது, உறவுக்கும் நல்லது, காப்புக்கும் நல்லது.

பழைய விண்டோஸ் வைத்திருப்போர்க்கு ஒரு சொல். எக்ஸ்பி என்பதற்கு 2014-இலும், விண்டோஸ் 7-க்கு 2020-இலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் நாளிலும் வழக்கமான ஆதரவு முடிவுற்றது. புதிய விண்டோசுக்கு இடங்கொடாத பழைய கணினியை எறிந்துவிட வேண்டுவதில்லை. அதில் லினக்ஸ் நிறுவலாம். அதுவும் வேண்டாமெனில், அதனை வலையில் இணைக்காமல் பயன்படுத்தலாம்.

அண்ணாச்சியின் மகள் இப்பொழுது பட்டம் பெற்று வேலையில் இருக்கிறாள். தாயாரின் படங்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒன்று நெல்லையில் மாமன் வீட்டில். மாதத்தின் முதல் ஞாயிறன்று அண்ணாச்சி கடைக்கணக்கைப் படியெடுத்து, வட்டைக் கழற்றிப் பெட்டியில் வைக்கிறார். எவரேனும் பென் டிரைவைக் கொடுத்தால், செருகியதும் சோதித்துவிட்டுத்தான் திறக்கிறார். கொக்கிப் புழுவை வென்றது மருந்து மட்டும் அன்று. காலணி அணியும் பழக்கமும் ஆகும். கணினிப் புழுவை வெல்வதும் அத்தகைய சிறு பழக்கங்களே. இன்றிரவு உறங்குமுன், நமக்கு அருமையானவை எவையென எண்ணி, அவற்றுக்கு ஒரு படி எடுத்து வைப்போமாக.